12 பேர் அலுவலகத்துக்கு எது போதும்?

கேள்வி: திருப்பூரில் 12 பேர் வேலை செய்யும் பின்னலாடை அலுவலகம் எங்களுடையது. பாஸ்வேர்டு மேனேஜர் போதுமா, பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் பாதுகாப்புத் தளம் வேண்டுமா?

பதில்: பாஸ்வேர்டு மேனேஜரே போதும். சின்ன அலுவலகங்களில் ஜிஎஸ்டி தளத்தின் பாஸ்வேர்டு கணக்கரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் துண்டுச்சீட்டாக இருக்கும். இல்லையென்றால் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும். முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றில் பொதுப் பெட்டகம் உருவாக்கி, யாருக்கு எது தேவையோ அதை மட்டும் பகிருங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால், அவருடைய அனுமதியை நீக்கினால் மட்டும் போதாது. அவர் பார்த்த பாஸ்வேர்டுகளையும் மாற்ற வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

பெரிய நிறுவனங்களின் பாதுகாப்புத் தளங்கள் கணினிகளைக் கண்காணிக்கும், யார் எப்போது நுழைந்தார் என்று பதிவு செய்யும். ஆனால் அவை தரும் எச்சரிக்கைகளைத் தினமும் பார்க்க விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் வாங்குவது வீண் செலவு. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் கேட்டால் அப்போது யோசிக்கலாம்.

பாஸ்வேர்டு மேனேஜரிலும் கவனம் தேவை. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்கள் திருடுபோயின. பாஸ்வேர்டுகள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. ஆனாலும் பெட்டகத்தைத் திறக்கும் முதன்மை பாஸ்வேர்டை எளிதாக வைத்திருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். அதனால் உங்கள் முதன்மை பாஸ்வேர்டு தொடர்பில்லாத நாலைந்து சொற்கள் சேர்ந்து நீளமாக இருக்கட்டும். பெட்டகத்துக்கும் அலுவலக மின்னஞ்சலுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள்.