புற்றுநோயும் இரட்டிப்புக் காலமும்

கதிரியக்கப் பாடத்தில் 'அரை ஆயுட்காலம்' பற்றிப் படித்திருப்பீர்கள். கோபால்ட்-60 ஐசோடோப்பு 5.27 ஆண்டுகளில் பாதியாகும், மேலும் 5.27 ஆண்டுகளில் கால் பங்காகும். இதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி வளரும் எதற்கும் ஓர் இரட்டிப்புக் காலம் உண்டு. வங்கிப் பணத்துக்கும் உண்டு, புற்றுநோய்க்கும் உண்டு.

இந்தக் கணக்கைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். என் தந்தையாருக்கு 78 வயதில் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தபோதுதான் அதன் பொருள் எனக்கே விளங்கிற்று.

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்கு அடியில், சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்துள்ள சிறு சுரப்பி. வயது ஏற ஏற அது பருத்துக் குழாயை நெருக்குவதுண்டு. தாத்தா இரவில் பலமுறை எழுந்திருந்தால் உடனே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம். பலருக்குக் காரணம் இந்தப் பருத்தல்தான். இச்சுரப்பியில் உண்டாகும் பி.எஸ்.ஏ. என்னும் புரதம் சிறிதளவு இரத்தத்திலும் கலக்கிறது. புற்றுநோயில் அதன் அளவு கூடும்; வெறும் பருத்தலிலும் அழற்சியிலும்கூடக் கூடும். ஆகவே ஊசியால் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே நோயை உறுதி செய்கிறார்கள்.

தந்தையாரின் திசுவுக்குக் கிடைத்த கிளீசன் மதிப்பெண் 6. மெதுவாக வளரும் வகை. "இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், கண்காணித்து வருவோம்" என்றார் மருத்துவர்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீடு நந்தனத்தில். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கி, 1950-களிலேயே கோபால்ட் கருவியை நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை சில கிலோமீட்டரில் இருக்கிறது. "கரண்டு வைக்கிற இடம் பக்கத்துலயே இருக்கு, சும்மா இருக்கச் சொல்றாரேடா!" என்றார் அண்ணன். (அது கரண்டு அன்று, கோபால்ட் தருவது காமாக் கதிர்.) தாயாரோ நோயின் பெயரையே அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றார். நான் சொல்லிவிட்டேன். அப்பா கேட்டது ஒன்றே: "எவ்வளவு வேகமா வளருது?"

சரியான கேள்வி! ஒரு செல் 30 முறை இரட்டித்தால் 2-இன் அடுக்கு 30, அதாவது ஏறத்தாழ 107 கோடி செல்கள். எடை சுமார் ஒரு கிராம். இரட்டிப்புக்கு ஒரு மாதமா, ஆறு ஆண்டா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அரை மடக்கை வரைதாள் ஒன்றை வாங்கி வந்தேன். மில்லிலிட்டருக்கு நானோகிராம் அளவில் தந்தையாரின் பி.எஸ்.ஏ. 78 வயதில் 6.0, பிறகு ஆண்டுக்கு ஒன்றாக 6.7, 7.5, 8.4. புள்ளிகள் நேர்கோட்டில் அமைந்தன. ஆண்டு வளர்ச்சி 12 விழுக்காடு. 70-ஐ 12-ஆல் வகுத்தால் இரட்டிப்புக் காலம் ஏறத்தாழ 6 ஆண்டுகள். (70 எங்கிருந்து வந்தது? மடக்கை படித்தவர்கள் கண்டுபிடியுங்கள்.) கட்டிக்கு இது மறைமுக அளவுதான். என்றாலும், இதே வேகத்தில் 90 வயதில்தான் 24-ஐ எட்டும். கதிர்வீச்சோ அறுவையோ செய்தால் சிறுநீர்க் கசிவு, குடல் தொல்லை போன்றவை நேரலாம். அந்த இழப்பு விரைவில் வரும். பலனோ பல ஆண்டுகள் கழித்து.

பிரிட்டனில் 50 முதல் 69 வயது வரையிலான 1,643 பேரிடம் அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். 2023-இல் வெளியான முடிவின்படி, 15 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்கள் எந்தக் குழுவிலும் நூற்றுக்கு மூவர் அளவே. ஆனால் நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியது கண்காணிப்புக் குழுவில் ஏறத்தாழ இரு மடங்கு. இதை மறைத்துவிட்டுக் கண்காணிப்பைப் புகழ்வது நேர்மையாகாது. சில மாதங்களிலேயே இரட்டிக்கும் கொடிய வகையும் உண்டு. அங்கே காத்திருக்க இயலாது. ஆண் ஹார்மோனைத் தடுத்தால் இந்நோய் தணியும் என்று 1941-இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ், அதற்காக 1966-இல் நோபல் பரிசு பெற்றார். அத்தகைய நோயாளிகளுக்கு அந்த வழி இன்றும் கைகொடுக்கிறது.

தந்தையாருக்கு இப்போது 82. காலையில் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறார். சென்ற மாதப் புள்ளி 10.3, கோட்டின்படி 9.4 இருந்திருக்க வேண்டும். அண்ணன் மறுபடி பதறினார். ஓர் அளவீட்டில் பிழை இருக்கலாம், ஒற்றைப் புள்ளியால் சரிவு மாறிவிட்டதென்று கொள்ள முடியாது என்றேன். அன்றிரவு எனக்கும் உறக்கமில்லை. மூன்று மாதம் கழித்து மீண்டும் இரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அந்தத் தேதிக்கு நேரே அப்பா வரைதாளில் பென்சிலால் ஒரு சிறு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.