நடத்துநரின் நடுவுநிலை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி, 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில், நாம் கதைமாந்தராகிறோம், ஒருவர் நடத்துநராகிறார். எதிரிகளைப் படைப்பவரும் அவரே. நினைத்தால் எப்போதும் நம்மை வீழ்த்தலாம். எனவே நடுவுநிலை அவருக்கு இன்றியமையாதது.

மோதலை வகுக்கையில் எதிரியின் வலிமையோடு எண்ணிக்கையையும் நோக்குவோம். நால்வர் ஓர் அரக்கனைத் தாக்கினால், பொதுவாக ஒரு சுற்றில் அவர்களுக்கு நான்கு வாய்ப்புகள், அவனுக்கு ஒன்றே. எதிரிகள் எண்மராயின் நிலை தலைகீழாகும். இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வாய்ப்பு சரிபாதி. 16 அல்லது அதற்கு மேல் விழக் காற்பங்கே.

ஆபத்தை முன்னரே குறிப்பால் உணர்த்துவோம். பேசித் தீர்க்கவும், தப்பிச் செல்லவும் வழி வைப்போம். தோற்றவரும் மறுமுறை விரும்பி வந்தமர்வாராயின், அதுவே நடத்துநரின் வெற்றியாகும்.