வின்டர் பெட்டி காரில் ஏறிவிட்டதா?

"வேலைக்கு இருபது நிமிடம்தானே அக்கா, எனக்கு ஏன் பெட்டி?" என்று கேட்காதேங்கோ. 2022 ஜனவரி 17 அன்று கொட்டின ஸ்னோவில் ரொறன்ரோவின் கார்டினர், டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலைகளையுமே மூடிவிட்டார்கள். அப்படியான நாளில் இருபது நிமிடப் பாதை மணிக்கணக்காக இழுக்கும். நவம்பர் முடிய முதல் இந்த அவசரப் பெட்டியைச் செய்து முடியுங்கோ. அரை மணித்தியால வேலைதான், பாதிச் சாமான் வீட்டிலேயே கிடக்கும்.

1. ஷவலை ட்ரங்கில் போடாதேங்கோ. ஐஸ் பிடித்தால் ட்ரங்க் திறக்காது. சின்ன ஷவல், ஐஸ் சுரண்டி இரண்டையும் பின் சீற்றுக்குக் கீழே தள்ளுங்கோ. உறைந்த பூட்டை இளக்கும் மருந்து ஹான்ட்பாக்கில் இருக்கட்டும். அதைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியில் நடுங்கி நின்ற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

2. ஆளுக்கொரு போர்வை, தொப்பி, கையுறை, தடித்த சொக்ஸ். ஒரு சோடி பழைய பூட்ஸ். ஹீற்றரை நம்பி மெல்லிய சப்பாத்தோடு ஏறாதேங்கோ.

3. கச்சான், பேரீச்சம்பழம், பிஸ்கற். தண்ணீர்ப் போத்தலை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதேங்கோ, உறைந்தால் வெடிக்கும். இன்சுலின் போடுபவர்கள் அதைக் காரில் விட்டுவைக்கவே கூடாது. உறைந்த இன்சுலின் பழுது, கையோடு கொண்டுபோங்கோ.

4. டோர்ச், பூஸ்ரர் கேபிள், போன் சார்ஜர். ரயர் சறுக்கினால் கீழே தூவ ஒரு பை மணல்.

5. ஆழமான தகரப் பேணி, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி. ஒரு திரியின் சூடே காருக்குள் நன்றாகத் தெரியும். ஆனால் கொளுத்தினால் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.

பெட்டி மட்டும் போதாது. பெற்றோல் அரைத் தாங்கிக்குக் கீழே இறங்கக் கூடாது. வாஷர் திரவம் -40 என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கோ, கோடைக்குரியது கண்ணாடியிலேயே உறைந்துவிடும். 7 பாகைக்குக் கீழே கோடை ரயரின் ரப்பர் இறுகிவிடும், ஆகவே முதல் ஸ்னோவுக்காகக் காத்திராமல் வின்டர் ரயரை மாற்றுங்கோ. கண்ணாடியில் ஐஸ் என்று சுடுதண்ணி ஊற்றுகிறவர்களுக்கு என்ன சொல்ல! வெடித்துவிடும், ஊற்றாதேங்கோ.

இனி, எனக்கு எப்போதும் பயமான விஷயம். ஸ்னோவில் மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்காதேங்கோ. அந்த வெள்ளைக்குள் திசை தெரியாது, தேடி வருபவர்களுக்கும் காரைக் கண்டுபிடிப்பதுதான் சுலபம். குளிருதே என்று எஞ்சினை ஓடவிட்டபடி நித்திரை கொள்ளவும் வேண்டாம். பின்னால் புகைக்குழாயை ஸ்னோ மூடினால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும். அதற்கு மணமில்லை, தலை சுற்றும், நித்திரை வரும், பிறகு எழும்ப மாட்டீர்கள். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும். அப்போதும் காற்றடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கி வையுங்கோ.

ஒவ்வொரு முறையும் எஞ்சினைப் போட முதல் இறங்கிப் பின்னால் போய், அந்தக் குழாயைச் சுற்றி ஸ்னோவை வழித்துவிடுங்கோ. பிள்ளைகள் காருக்குள் இருந்தால் இரண்டு தரம் பாருங்கோ.