கதவைத் திறக்கச் செய்த வாலிபர்கள்

(வாலிபர் ஐக்கியங்களிலும் மாதர் சங்கங்களிலும் வாசித்துக் கலந்து பேசுவதற்கேற்ற பாடம்)



விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட ஓர் இளைஞன் பல மாதச் சிகிச்சைக்குப் பின் சக்கர நாற்காலியில் வீடு திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர்களும் செவிலியர்களும் தங்களால் ஆனதைச் செய்துவிட்டார்கள். உங்களைப் போன்றோர் அனுப்பிய காணிக்கையும் அவனுக்குப் பயன்பட்டது. ஆனால் கல்லூரி வாசலில் ஐந்து படிகள் இருக்கின்றன. பேருந்தில் ஏற வழியில்லை. வேலை கேட்டுப் போனால், நாற்காலியைப் பார்த்தவுடனேயே பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இவனை வீட்டிலேயே உட்கார வைத்திருப்பது இவனுடைய கால்களா, அந்தப் படிகளா?

இந்தக் கேள்வியை உரத்த குரலில் கேட்ட சில வாலிபரின் சரித்திரத்தை இந்தப் பாடத்தில் பார்ப்போம். உதவி செய்கிறவர்களாகிய நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

1. பள்ளிக்கூடம் மறுத்த பிள்ளை

ஜூடி ஹியூமன் 1947-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். ஒன்றரை வயதில் போலியோ கண்டது. நியூயார்க் நகரின் புரூக்லின் பகுதியில் வளர்ந்தார். ஐந்து வயதில் தாயார் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனபோது, தீப்பிடித்தால் சக்கர நாற்காலி ஆபத்தாக முடியும் என்று சொல்லிச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அதன்பின் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் மட்டும் ஓர் ஆசிரியர் வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக்கொடுத்தார். ஒன்பதாம் வயதில்தான் பள்ளியில் இடம் கிடைத்தது.

பட்டம் பெற்று ஆசிரியர் வேலைக்கு மனுச் செய்தார். நடக்க முடியாதவர் என்ற காரணத்தால் 1970-ல் நகரக் கல்வி வாரியம் உரிமம் தர மறுத்தது. 22 வயதான ஹியூமன் வழக்குத் தொடுத்தார், வாரியம் இறங்கிவந்தது. அந்நகரப் பள்ளிகளில் சக்கர நாற்காலியில் அமர்ந்து பாடம் நடத்திய முதல் ஆசிரியை அவரே. தமக்குக் கிடைத்தது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. அதே ஆண்டில், தம்மைப் போன்ற வாலிபரைச் சேர்த்து 'டிஸேபிள்டு இன் ஆக்‌ஷன்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்.

2. ஏட்டில் உறங்கிய சட்டம்

1973-ல் அமெரிக்காவில் மறுவாழ்வுச் சட்டம் நிறைவேறியது. மத்திய அரசின் பணத்தைப் பெறும் எந்தத் திட்டத்திலிருந்தும், ஊனத்தை மட்டும் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பது அதன் 504-ஆம் பிரிவின் சாரம். பள்ளிகள், பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள் யாவும் இதில் அடங்கின.

ஆனால் சட்டம் நடைமுறைக்கு வர, அதற்கான விதிகளில் அமைச்சர் கையெழுத்திட வேண்டும். கட்டடங்களை மாற்றச் செலவாகும் என்று பல நிறுவனங்கள் தயங்கின. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கடந்தும் கையெழுத்து விழவில்லை. 1977-ல் புதிதாகப் பொறுப்பேற்ற அமைச்சர் ஜோசப் கலிஃபானோவும் விதிகளை மறுபடி ஆராய வேண்டும் என்றார். அப்படி ஆராய்ந்தால் விதிகள் வலுவிழந்து போகும் என்று மாற்றுத்திறனாளிகள் அஞ்சினார்கள்.

3. மூன்று வாரங்களுக்கு மேல்

1977 ஏப்ரல் 5-ஆம் தேதி பல நகரங்களில் அத்துறையின் அலுவலகங்களுக்கு முன் மாற்றுத்திறனாளிகள் கூடினார்கள். தலைநகர் வாஷிங்டனில் உள்ளே போய் உட்கார்ந்தவர்கள் ஏறக்குறைய ஒரு நாளில் வெளியேற வேண்டியதாயிற்று. சான் பிரான்சிஸ்கோவில் நுழைந்த சுமார் 150 பேரோ வெளியே வர மறுத்துவிட்டார்கள். ஹியூமனும் கிட்டி கோனும் அவர்களுக்கு முன்னின்று வழிகாட்டினார்கள்.

இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது மருத்துவப் பணியை அறிந்த உங்களுக்கு விளங்கும். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவரைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் உண்டாகும். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகப் பராமரிக்க வேண்டும். மருந்துகளை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் வசதியில்லாத அலுவலகத் தரையில் அவர்கள் இரவுகளைக் கழித்தார்கள். உயிரையே பணயம் வைத்தவர்களும் அவர்களுள் உண்டு.

ஆனாலும் ஒருவர் குறையை மற்றவர் தாங்கினார்கள். கை அசையாதவருக்குக் கை உள்ளவர் உணவு ஊட்டினார். வெளியே பேசத் தொலைபேசி இல்லாமல் போனபோது, காது கேளாதோர் ஜன்னலருகே நின்று சைகை மொழியில் வெளியே இருந்தவர்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். பலவீனம் என்று உலகம் எண்ணியது அங்கே எல்லாருக்கும் பயன்பட்டது.

4. வெளியே நின்று தாங்கியவர்கள்

உள்ளே இருந்தவர்களுக்கு உணவு எங்கிருந்து வந்தது? கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் நாள்தோறும் சூடான உணவு கொண்டுவந்தார்கள். அவர்களுள் ஒருவரான பிராட் லோமாக்ஸ், மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்னும் நரம்பு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர். உள்ளே உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர். கிளைடு மெமோரியல் திருச்சபையும் துணைநின்றது. தொழிலாளர் சங்கங்களும் கைகொடுத்தன. அமைச்சரைச் சந்திக்க ஒரு குழு வாஷிங்டனுக்குப் போனபோது, சக்கர நாற்காலிகள் ஏறக்கூடிய வாகனம் கிடைக்காததால், இயந்திரத் தொழிலாளர் சங்கத்தார் லாரி ஒன்றை அமர்த்திக் கொடுத்தார்கள்.

இவர்கள் உணவு கொடுத்தார்கள், வாகனம் கொடுத்தார்கள். ஆனால் பேச வேண்டிய இடத்தில் மாற்றுத்திறனாளிகளைப் பேச விட்டார்கள். அவர்களுக்காக முடிவெடுக்கும் உரிமையைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான பாடம் இதுவே.

ஏப்ரல் 28-ஆம் தேதி அமைச்சர் விதிகளில் கையெழுத்திட்டார். இரண்டு நாட்களுக்குப் பின், ஏப்ரல் 30 அன்று, எல்லாரும் வெற்றியோடு வெளியே வந்தார்கள். 1990-ல் அமெரிக்காவில் நிறைவேறிய விரிவான மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு இதுவே அஸ்திவாரமாயிற்று. வாழ்நாள் முழுவதும் இப்பணியைத் தொடர்ந்த ஹியூமன் 2023 மார்ச் மாதம் காலமானார்.

5. நம் தேசத்தில்

இந்தியாவிலும் இத்தகைய வாலிபர் எழும்பினார்கள். 1995 டிசம்பர் 19 அன்று, மாற்றுத்திறனாளிகள் டெல்லியில் திரண்டு தங்களுக்கென ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடி அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜாவேத் அபிதிக்கு அப்போது வயது முப்பதுதான். சில நாட்களுக்குள் பாராளுமன்றம் அச்சட்டத்தை நிறைவேற்றியது. அதன் இடத்தில் 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்தது. அது 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. அரசு வேலைகளில் முன்பிருந்த 3 சதவீத ஒதுக்கீட்டை 4 சதவீதமாக உயர்த்தியது.

நம்மில் பலர் கவனிக்காத ஒன்று அச்சட்டத்தில் உண்டு. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் தடையில்லாத வழி வேண்டும் என்று அது கேட்கிறது. அரசுக் கட்டடம், தனியார் கட்டடம் என்ற வேறுபாடு இல்லை. பள்ளிகளும் மருத்துவமனைகளும் மட்டுமல்ல, வழிபாட்டுக்குரிய கட்டடங்களும் அதில் அடங்கும். ஆகையால் ஆலய வாசலில் சாய்வுப் பாதை அமைப்பது நாம் மனமிரங்கிச் செய்யும் தர்மம் அல்ல. அங்கே வருகிறவருக்குரிய உரிமை.

6. நாம் செய்யக்கூடியவை

சாய்வுப் பாதையைச் செங்குத்தாகக் கட்டினால் யாரும் தானே ஏற முடியாது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பொதுவான கணக்கு. இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்க வேண்டும். கட்டும் முன்பே, அதைப் பயன்படுத்தப் போகிற ஒருவரை அழைத்துக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்தது கொத்தனாருக்கும் கமிட்டியாருக்கும் தெரியாது.

மருத்துவமனை ஒருவரைப் பிழைக்க வைக்கலாம்; நடைவண்டியும் சக்கர நாற்காலியும் கொடுக்கலாம். அவர் படிக்கவும் உழைக்கவும் மற்றவர்களோடு அமர்ந்து ஆராதிக்கவும் அவருடைய ஊர்தான் இடம் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர் வாலிபர் யாராவது இதற்காகக் குரல் கொடுத்தால், அவர்களை அடக்காதிருங்கள். அவர்களுக்குப் பின்னால் நில்லுங்கள்.

கலந்து பேசுவதற்கான கேள்விகள்

1. நம் ஆலயத்துக்குள் ஒருவர் யாரும் தூக்கிவிடாமல் சக்கர நாற்காலியில் தானே வர முடியுமா? கழிப்பறைக்குப் போக முடியுமா?

2. நம் சபையில் பிறந்து, குறைபாடு காரணமாக வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுள் பள்ளிக்குப் போகிறவர் யார்?

3. நம் கமிட்டிகளில் மாற்றுத்திறனாளி ஒருவராவது உறுப்பினராக இருக்கிறாரா? அவருடைய ஆலோசனையைக் கேட்கிறோமா?

4. இந்த வருடத்துக்குள் நாம் அகற்றக்கூடிய ஒரு தடை எது? அதை யார் பொறுப்பேற்றுச் செய்வது?