அறுவடை யந்திரத்தின் ரப்பர் பெல்ட்டும் அதன் காப்பும்

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ அறுவடை பெரும்பாலும் ஈரத்திலும், கும்பப்பூ அறுவடை காய்ந்த நிலத்திலும் நடைபெறுவதை யாவரும் அறிவர். அறுப்புக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டமையால் வடசேரி, ஒழுகினசேரி, திருப்பதிசாரம் முதலிய இடங்களின் வயற்பற்றுகளில் இவ்விரண்டு பூவிலும் யந்திர அறுவடையே நிலைபெற்றுள்ளது. யந்திரங்களுள் டயரின்மேல் ஓடுவது ஒரு வகை. ரப்பர் பெல்ட்டின்மேல் ஓடுவது மற்றொரு வகை. தொளி நிலத்திற்குப் பின்னதே ஏற்றது.

இதன் காரணத்தைக் கணக்கிற் காணலாம். 3,000 கிலோ எடையுள்ள யந்திரம் ஒன்று, 45 செ.மீ. அகலமுள்ள இரு பெல்ட்டுகளின்மேல், ஒவ்வொன்றும் 150 செ.மீ. நீளம் தரையைத் தொடும்படி நிற்பதாகக் கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் பாரம் கால் கிலோவிற்கும் குறைவாகும். ஒற்றைக் காலூன்றி நடக்கும் மனிதனின் பாதம் இதனினும் அதிகமாகத் தரையை அழுத்துகிறது. 1904-ம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியாவின் இளகிய நிலத்தில் சக்கரங்கள் புதைந்தமையாலன்றோ, பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் மரப்பலகைகள் கோத்த தடத்தைத் தமது நீராவி டிராக்டரில் பூட்டிப் பார்த்தார்!

பெல்ட்டு முழுவதும் ரப்பர் என்று எண்ணுவது தவறு. அதன் உள்ளே எஃகுக் கம்பி வடங்கள் சுற்றிலும் ஓடுகின்றன. பற்சக்கரம் பற்றி இழுப்பதற்கு இரும்புத் துண்டங்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. வெளிப்புறக் கட்டைகள் தேய்வது இயல்பு. அது மெல்ல நிகழும். ஆனால் கூரிய கல்லொன்று ரப்பரைக் கிழித்து, அக்கிழிசல் வழியே நீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், மேற்பார்வைக்குப் புதிது போன்ற பெல்ட்டும் திடீரென அறுந்துபோகும்.

பெல்ட்டு யந்திரக்காரருடையதுதானே, நமக்கென்ன என்று நிலக்காரர் இருத்தல் ஆகாது. வாடகை மணிக்கணக்கில் கொடுக்கப்படுகிறது. கன்னிப்பூவில் அம்பை 16 முற்றிச் சாய்ந்து நிற்கையில், வானமும் இருண்டிருக்கையில், நடுவயலில் பெல்ட்டு கழன்றுவிடின், அதனை மீட்டேற்றும் வரையில் உதிரும் நெல்லும் முளைக்கும் நெல்லும் யாருடையவை?

பெல்ட்டு பெரிதும் கெடுவது வயலின் நடுவில் அன்று. வயலுக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் இடத்திலுமேயாம். ஈரமண் பெல்ட்டுக்கு வழுக்கிக் கொடுக்கும். தார்ச்சாலையும் காங்கிரீட்டும் அவ்வாறு கொடுப்பதில்லை. அவற்றின்மேல் ஓடும்போது ரப்பர் அரம்போட்டது போல் தேய்கிறது. ஆதலால் ஒரு பற்றிலிருந்து மற்றொரு பற்றுக்கு யந்திரத்தை லாரியில் ஏற்றிச் செல்வதே முறை. ஏற்றும் பலகையின்மேல் நேரே ஏறவேண்டும். பாதி ஏறியபின் திருப்பலாகாது. லாரிக்கூலியை மிச்சம் பிடிக்கச் சாலையிலேயே ஓட்டிவரச் சொல்லும் வழக்கத்தைச் சிக்கனம் என்று நாம் கருதவில்லை.

திருப்பும்போது ஒரு பெல்ட்டை நிறுத்தி மற்றதை மட்டும் சுழற்றி, நின்ற இடத்திலேயே வட்டமிடும் ஓட்டுநர் பலர். காய்ந்த கும்பப்பூ நிலத்தில் இச்செயல் கட்டைகளைப் பிய்ப்பதோடு, பெல்ட்டை உருளைகளினின்று பக்கவாட்டில் தள்ளுகிறது. அகன்ற வளைவாகத் திரும்புக. பின்னோக்கி ஓட்டிக்கொண்டே கடுமையாகத் திருப்புதல் இதனினும் தீது. எப்பொழுதும் ஒரே கைப்பக்கம் திரும்பினால் ஒரு பெல்ட்டு மட்டும் முந்தித் தேயும்.

வரப்பைக் குறுக்கே, நேர்க்கோணத்தில், மெதுவாகக் கடக்க வேண்டும். ஒரு பெல்ட்டு வரப்பின்மேலும் மற்றது வயலிலுமாக ஓட்டினால் பெல்ட்டின் விளிம்பு மடங்கிக் கிழியும். இதில் நிலக்காரர் செய்யக்கூடிய உதவி பெரிது. அறுவடைக்குச் சுமார் பத்து நாட்களுக்கு முன் மடையடைத்து நீரை வடிக்க வேண்டும். வரப்பில் ஓரிடத்தை இருபுறமும் சரிவாக வெட்டி வழி விடுவதும், எல்லைக்கல், வேலிக்கம்பி, பழைய மதகின் உடைகல் முதலியன நெற்பயிரில் மறைந்திருக்குமாயின் அவ்விடத்தில் கொம்பு நட்டுக் காட்டுவதும் அவர் கடமை.

பெல்ட்டின் இறுக்கம் மிகுந்தால் கம்பியும் தாங்கிகளும் வருந்தும், தளர்ந்தால் கழலும். யந்திரத்தை உயர்த்தி, அடியில் உறுதியான கட்டைகளைக் கொடுத்தபின், நடு உருளைக்கும் பெல்ட்டின் உட்புறத்திற்கும் உள்ள இடைவெளியை அளந்து, அந்த யந்திரத்திற்குரிய கைநூலில் கண்ட அளவுக்குச் சரிசெய்க. ஒரு யந்திரத்தின் அளவு மற்றொன்றிற்குப் பொருந்தாது. புதிய பெல்ட்டு சில மணி நேரம் ஓடியபின் சற்றே நெகிழுமாதலால் மீண்டும் அளத்தல் வேண்டும்.

மாலையில் வேலை முடிந்ததும், சேறு இளகியிருக்கும்போதே, பற்சக்கரத்தையும் உருளைகளையும் கழுவிவிட வேண்டும். இரவில் காய்ந்து இறுகிய சேறும் வைக்கோலும் மறுநாள் பெல்ட்டை உள்ளிருந்தே நெம்பும். நம் மாவட்டத்தில் மலையடிவாரமெங்கும் ரப்பர் மரங்கள் உள்ளன. எண்ணெய் பட்ட ரப்பர் உப்பி இளகுவதைப் பால்வெட்டுவோரைக் கேட்டாலே சொல்வர். டீசலும் கிரீசும் சிந்தினால் உடனே துடைத்து, யந்திரத்தை நிழலில் நிறுத்துக.

கிராம அலுவலர்கள் பருவத்திற்கு முன்பே வாய்க்காற்கரைப் பாதைகளைப் பார்வையிட்டு, லாரி வந்து நின்று யந்திரத்தை இறக்குவதற்குத் தக்க மண்தரை ஒன்றைப் பற்றுதோறும் ஒதுக்கி வைத்தால், யந்திரம் தார்ச்சாலையில் இறங்கித் திரும்பும் அவசியமே நேராது. கும்பப்பூ அறுப்பு மாசி மாதத்தில் வருமாதலால், தைப்பிறப்பு கழிந்தவுடன் இப்பார்வையிடலைத் தொடங்கலாம்.