பூட்டன் பெயர் என்ன? – குடும்ப வரலாறும் பொது நூலகமும்

ஆடி அமாவாசையில் தர்ப்பணம் கொடுக்கும்போது மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்பார்கள். அப்பா பெயரைச் சொல்லிவிடுவோம். தாத்தா பெயரும் வந்துவிடும். பூட்டன் பெயர்? அங்கேதான் பலரும் பக்கத்தில் நிற்கும் பெரியப்பாவைத் திரும்பிப் பார்க்கிறோம். அவருக்கும் தெரியவில்லை என்றால்?

இல்லறத்தான் போற்ற வேண்டியவர்களை வரிசைப்படுத்திய வள்ளுவர், தென்புலத்தாரைத்தான் முதலில் வைத்தார். முன்னோரைப் போற்ற வேண்டுமென்றால் முதலில் அவர்கள் யாரென்று தெரிய வேண்டாமா?

நமக்கு ஏன் சிரமம்?

மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் நம் பெயரோடு வரும். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். சீனர்களைப் போல ஒரே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக முடியாது. அதனால் ஊர்ப் பெயரும் குலதெய்வத்தின் பெயரும் நமக்கு முக்கியமான தடயங்கள்.

இரண்டாவது, நாம் தகனம் செய்கிறோம். அஸ்தியைக் கடலில் கரைத்துவிடுகிறோம். பெயர் பொறித்த கல்லறை பெரும்பாலும் இருப்பதில்லை.

மூன்றாவது, கங்காணி மூலம் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் கதை பாட்டியின் வாயில்தான் இருக்கிறது. பாட்டி போய்விட்டால் அதுவும் போய்விடும்.

சமூகம் கை கொடுத்தால்

1953இல் சிங்கப்பூரில் ஒரு பொது நூலகம் கட்ட லீ கோங் சியான் 375,000 வெள்ளி தந்தார். நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், ஆசிய மொழி நூல்களும் அதில் இடம்பெற வேண்டும் என்பதே அவர் கேட்டது. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் அந்த நூலகம் 1960இல் திறக்கப்பட்டது. இன்று தேசிய நூலகத்தில் தமிழ் நூல்களைக் கையில் எடுக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

புக்கிட் பிரவுன் சீனர் இடுகாட்டின் ஒரு பகுதியில் சாலை போட முடிவானபோது, தொண்டூழியர்கள் வெயிலில் நின்று கல்லறைகளைப் பதிவு செய்தார்கள், வழிநடைகளை நடத்தினார்கள். அந்த இடுகாட்டின் பதிவேடுகளை இப்போது தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம்.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவமாக்க, தமிழ்ச் சமூகம் தேசிய நூலக வாரியத்தோடு கைகோத்தது. கதை, கவிதைக்குச் செய்ததைக் குடும்ப வரலாற்றுக்கும் செய்யலாமே!

நம் வீட்டில் என்ன இருக்கிறது?

“எங்க வீட்டுல ஒண்ணும் இல்லீங்க” என்று சொல்லாதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். இரு பக்கத்துத் தாத்தா பாட்டி பெயர், சொந்த ஊர், தோட்டத்தின் பெயர் எல்லாம் அதில் இருக்கலாம். கருமாதிப் பத்திரிகையில் மகன், மருமகள், பேரன், பேத்தி என்று குடும்பமே வரிசையாக நிற்கும். கோயில் கும்பாபிஷேக மலரில் உபயதாரர் பட்டியல் இருக்கும். பழைய கடப்பிதழ், கப்பல் சீட்டு, தோட்டப் பள்ளிச் சான்றிதழ், படங்கள் எல்லாமே ஆவணங்கள்தாம். வீவக வீடு மாறும்போது “பழைய பேப்பர்” என்று குப்பைத் தொட்டியில் விழுவதும் இவைதாம்.

கொடுக்கும் முன்

படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். பெயரில்லாத படம் நூலகத்துக்கு அதிகம் உதவாது. படத்தின் பின்புறம் எழுதுவதென்றால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பிளாஸ்டிக் உறை ஒட்டாதீர்கள், செலோடேப்பும் வேண்டாம். அசலைக் கொடுக்க மனமில்லையா? நகல் எடுத்துக்கொள்வார்களா என்று நூலகத்தில் கேளுங்கள். எல்லாவற்றையும் நூலகம் ஏற்காது. அதற்காக மனம் தளர வேண்டாம்.

ஒரு வார்த்தை கவனமாக. வீட்டுப் பெரியவர்களின் சம்மதம் இல்லாமல் எதையும் கொடுக்கக் கூடாது. தத்தெடுப்பு, பிரிவு, கடன் போன்றவை உயிரோடு இருப்பவர்களைப் புண்படுத்தலாம். அதைவிட முக்கியம், இது சாதிப் பெருமை பேசுவதற்கான வேலை இல்லை. பால் மரம் வெட்டியவரின் பெயரும் கடை முதலாளியின் பெயரும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டும். பொது நூலகம் என்பதன் பொருளே அதுதான்.

இந்த மாதப் பயிற்சி

1. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதுங்கள். பாட்டி, பூட்டியின் பெயர்களை விட்டுவிடாதீர்கள்.

2. வீட்டின் மூத்தவரிடம் அரை மணி நேரம் பேசி, கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். “எந்த ஊர்லேருந்து வந்தீங்க? யாரோட வந்தீங்க?” இந்த இரண்டு கேள்வி போதும், மற்றது தானே வரும்.

3. ஒரே ஒரு பழைய பத்திரிகையோ படமோ விவரத்தோடு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கிளையில் பத்துப் பேர் கொண்டு வந்தால், நூலகத்தோடு பேச ஒரு தொகுப்பு தயார்.

கோடிட்ட இடங்கள் இருந்தால் இருக்கட்டும். எதைத் தேட வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.