வீடு மாறினால் ஓட்டையும் மாற்றுங்கள்

வீடு மாறும்போது பால் காய்ச்சுகிறோம், கேஸ் இணைப்பை மாற்றுகிறோம், பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுகிறோம். வாக்காளர் பட்டியல் மட்டும் மறந்துபோகிறது. தேர்தல் நாளில் பழைய ஊருக்குப் பஸ் ஏற முடியாதவர்கள் ஓட்டுப் போடாமலே இருந்துவிடுகிறார்கள். பெயரே பறிபோகவும் கூடும். 2025 இறுதியில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது தமிழக வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டன. அவற்றில் பெரும்பகுதி, முகவரி மாறியவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்று குறிக்கப்பட்டவை. கையில் வாக்காளர் அட்டை இருந்தால் போதாது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு.

1. பெயரைத் தேடுங்கள்

தேர்தல் ஆணைய இணையதளத்தில் வாக்காளர் அட்டை எண்ணைக் கொடுத்தால் தொகுதி, பாகம் எண், வரிசை எண் தெரியும். 1950 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

2. சரியான படிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

பட்டியலில் பெயர் இருந்தால் படிவம் 8. தொகுதிக்குள் மாறினாலும், வேறு தொகுதிக்குப் போனாலும், திருமணமாகிக் கணவர் ஊருக்குச் சென்றாலும் இதுதான். அட்டை எண் மாறாது. படிவம் 6 புதிதாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கானது. பழைய இடத்தில் பெயரை வைத்துக்கொண்டு அதைக் கொடுத்தால் இரண்டு இடங்களில் பதிவாகிவிடும். சட்டம் அதை அனுமதிப்பதில்லை. படிவத்தில் தரும் பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. பெயர் நீக்கப்பட்டுவிட்டதென்றால் படிவம் 6 கொடுங்கள்.

3. முகவரிச் சான்றைத் தயார் செய்யுங்கள்

வாடகைதாரர்கள் தடுமாறுவது இங்கேதான். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். 11 மாத ஒப்பந்தமோ பெரும்பாலும் பதிவு செய்யப்பட்டிருக்காது; ஏற்கப்படும் சான்றுகளில் இருப்பது பதிவு செய்த ஒப்பந்தம். அதனால் முதலில் ஆதாரிலோ வங்கிப் பாஸ்புக்கிலோ முகவரியை மாற்றிக்கொண்டு, அதன் நகலை இணையுங்கள்.

4. ஒவ்வொருவருக்கும் தனியாக விண்ணப்பியுங்கள்

குடும்பத் தலைவர் மாற்றினால் மற்றவர்கள் பெயர் தானாக மாறாது. இணையத்தில் முடியாவிட்டால் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் படிவத்தை நேரில் கொடுக்கலாம்.

5. விடாமல் பின்தொடருங்கள்

விண்ணப்பித்ததும் கிடைக்கும் குறிப்பு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். அலுவலர் விசாரிக்க வரும்போது வீடு பூட்டியிருக்கலாம். பக்கத்து வீட்டில் சொல்லிவையுங்கள். பிறகு புதிய பாகத்தில் உங்கள் பெயர் ஏறிவிட்டதா என்று நீங்களே பாருங்கள்.

6. தேர்தல் வரும்வரை காத்திருக்காதீர்கள்

வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்கான பட்டியல் மூடப்படும். உங்கள் விண்ணப்பத்தின் மீது ஆட்சேபம் கேட்கும் நாள்களும் விசாரணையும் அதற்குள் முடிய வேண்டும். எனவே குடிபோன மாதமே விண்ணப்பியுங்கள்.

உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியலும் சட்டமன்றப் பட்டியலை வைத்தே தயாராகிறது. புதிய தெருவில் தண்ணீர் வராவிட்டாலும் சாக்கடை நிரம்பினாலும் அவதிப்படப்போவது நீங்கள்தான். அந்தத் தெருவின் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உங்களுக்கே உரியது. வாடகை வீடு என்பதற்காக அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.